வெர்மின்: சொல் விளக்கம்

காட்டுப்பன்றியைச் சுடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஆங்கிலச் சொல் வெர்மின், தொல்லை தரும் உயிரி என்று பொருள். பேரையூர், சாப்டூர் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்கள் வாயிலும் இது புகுந்துவிட்டது. மலையடிவாரத்தில் ஓர் இரவு பன்றிக் கூட்டம் இறங்கினால், பயிரை ஒடித்துச் சாய்த்து, கதிரைப் பாதி கடித்துத் துப்பிவிட்டுப் போகும். கடலைக் காடாக இருந்தால் ஏர் ஓட்டிய மாதிரி கிடக்கும். வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டியும், சலூனில் வாரிய முடியைத் தூவியும் அலுத்தவர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே வெர்மிஸ் என்றால் புழு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் புழு பூச்சியோடு எலியும் சேர்ந்தது, அப்புறம் பட்டியல் நீண்டுகொண்டே போனது. 1566-இல் இங்கிலாந்தில் தானியத்தைக் காக்கவென்று வந்த சட்டம் நரி, முள்ளெலி, மீன்கொத்தி தலைக்கெல்லாம் காசு கொடுக்கச் சொன்னது. மீன்கொத்தி எந்தத் தானியத்தைத் தின்றது என்று நாம் கேட்கக் கூடாது.

வேட்டைக்காரர் பேச்சில் இதற்கு ஒரு சோடிச் சொல் உண்டு: கேம். சுட்டுத் தின்னவும் கொம்பைச் சுவரில் மாட்டவும் விரும்புவது கேம். அதே மானை அவருக்கு முந்தித் தின்றுவிடுவது வெர்மின். வெள்ளைக்காரத் துரைமார் இந்தக் கண்ணோடுதான் நம் மலைகளில் ஏறினார்கள். நீலகிரியில் 1877-இல் வேட்டை விலங்குகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879-இல் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் தனிச் சட்டமே வந்தது. உரிமம், பருவம், எதைச் சுடலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் இருந்தன. காட்டைப் பேணுகிறவர்கள் தாங்களே என்று அவர்கள் உண்மையிலேயே நம்பினார்கள். வரையாடு தப்பிப் பிழைத்ததில் அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆட்கள் செந்நாயைக் கண்டால் விடமாட்டார்கள். கடமானையும் புள்ளிமானையும் துரத்தித் தின்கிறது என்பதுதான் அதன் குற்றம். செந்நாய்த் தலைக்குச் சன்மானம் தரும் வழக்கம் 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை நீடித்தது. ஸ்வீடன் போன்ற நாடுகளில் இன்றும் வேட்டைக்காரர்கள் தங்களைக் காட்டுவிலங்கு எண்ணிக்கையைச் சரியாக வைப்பவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஓநாய் என்று வந்தால் மட்டும் பேச்சு சூடாகிவிடும். அது அவர்களுடைய வேட்டைநாயையும் அடித்துவிடுகிறது.

நம் பக்கத்துப் பாரிவேட்டை வேறு கதை. சிவராத்திரியை ஒட்டி நாய்களோடு முயல் பிடிக்கப் போனவர்கள் காட்டைச் சீர்செய்யப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டதில்லை. அது சாமி காரியம். இன்று முயலைப் பிடித்தாலும் வழக்குதான்.

1972 சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்கே வெர்மின் என்று பெயர் இருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி அதில் இருந்தன. 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. 62-ஆம் பிரிவு மட்டும் நிற்கிறது: ஒன்றிய அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு வெர்மின் என அறிவிக்கலாம். உத்தரகண்டில் காட்டுப்பன்றியும் இமாச்சலில் குரங்கும் அப்படி அறிவிக்கப்பட்டதுண்டு. முதல் அட்டவணையில் உள்ள புலி, சிறுத்தை, யானைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆளைக் கொன்ற புலியாகவே இருந்தாலும், பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் முடிவு செய்து, காரணத்தை எழுத்தில் காட்டினால்தான் சுட உத்தரவிடலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? செய்தித்தாள்கள் 'தீங்கு விளைவிக்கும் விலங்கு' என்கின்றன. சுருக்கமாகத் தீங்குயிரி எனலாம். பழைய வேட்டைப் பொருளுக்கு அதுவே போதும். சட்டப் பொருளுக்கு எனக்கு அது ஒப்பவில்லை, தீங்கை விலங்கின் பிறவிக் குணமாக்கிவிடுகிறது. இன்ன வட்டாரத்தில் இன்ன தேதி வரை இதற்குப் பாதுகாப்பு இல்லை என்பதுதானே அறிவிப்பின் சாரம்? ஆகவே 'காப்பு நீக்கிய விலங்கு' என்பதே பொருந்தும். தினைப்புனம் காத்த கதையைக் குறிஞ்சிப்பாட்டு விரிவாகச் சொல்கிறது. கிளி ஓட்டத் தழல், தட்டை, குளிர் என்று கருவிகளுக்குத்தான் வகை வகையாகப் பெயர். பரணுக்குப் புலியும் அஞ்சும் இதணம் என்று பெருமை. கதிரைக் கொத்தும் கிளி அங்கே கிளியாகவே இருக்கிறது. ஆட்கொல்லி என்ற நம் சொல்லும் ஆளைக் கொன்ற அந்த ஒரு புலியைத்தான் குறிக்கும், புலி இனத்தை அல்ல.

2025 ஜனவரியில் காட்டுப்பன்றி பற்றித் தமிழ்நாடு அரசு அறிவித்ததையும் சிலர் வெர்மின் அறிவிப்பு என்றே சொல்கிறார்கள். அது தவறு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்பதே ஏற்பாடு. அடிவாரத்துச் சம்சாரிக்கு இதில்தான் கடுப்பு, அவருடைய விளைநிலம் அந்த மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அவுட்டுக்காய் (இரைக்குள் ஒளித்த நாட்டு வெடி) வைப்பதும் வேலியில் கரண்ட் விடுவதும் எந்தத் தூரத்திலும் குற்றம்தான்.