பிரிக்காத பார்சல்

பார்சல் வந்து மூன்று நாளாகிறது. கத்தரிக்கோலை எடுத்து டேப்பை வெட்டக்கூட மனம் வரவில்லை. வாங்கியவரோ கட்டிலில் சாய்ந்தபடி போனில் அடுத்த பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் இதேபோல ஐந்தாறு பெட்டிகள். அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய பொருள், கைக்கு வந்ததும் ஏன் இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிறது?

இந்தக் கேள்விக்கான விடை மூளையில் சுரக்கும் டோப்பமின் என்ற வேதிப்பொருளில் இருக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோப்பமின் சுரக்கும் நரம்பு செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, விளக்கு எரிந்ததுமே துடித்தன. சாறு வந்தபோது அந்தத் துடிப்பு இல்லை. அதாவது, கிடைக்கப்போகிறது என்ற அறிகுறிக்கே மூளை கிளர்ந்துவிடுகிறது. வேண்டும் என்ற தவிப்பும் அனுபவிக்கும் இன்பமும் மூளையில் வேறு வேறு என்று கென்ட் பெரிட்ஜ் என்ற இன்னொரு நரம்பியல் விஞ்ஞானி காட்டினார். தவிப்பு ஏற ஏற இன்பமும் ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. பெட்டி பிரிக்காமல் கிடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இது வெறும் ஊகம் இல்லையா என்று கேட்கலாம். மூளையில் டோப்பமின் குறைந்து, கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயாளிகளைப் பாருங்கள். டோப்பமினைப் போலவே வேலை செய்யும் சில மாத்திரைகளை அவர்களுக்குக் கொடுக்கிறார்கள். காலமெல்லாம் சிக்கனமாக இருந்தவர்கள்கூட, அந்த மாத்திரை தொடங்கியபின் கண்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பதுண்டு. 3,090 நோயாளிகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வில் 5.7 சதவீதம் பேருக்கு இந்தக் கட்டுக்கடங்காத வாங்கும் பழக்கம் இருந்தது. மருத்துவர் மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பலருக்கு அது அடங்கிவிடுகிறது. இதைப் படித்த பிறகு இவர்களை ஊதாரி என்று திட்ட யாருக்கு மனசு வரும்?

சரி, மூளையில் பிரேக்கே இல்லையா? இருக்கிறது. பொருள் பிடித்துப்போனால் மூளையின் ஆசைப் பகுதி விழிக்கிறது. விலை அதிகம் என்று பட்டால் இன்சுலா என்ற பகுதி விழிக்கிறது; வலி, அருவருப்பு போன்றவற்றிலும் பங்குள்ள பகுதி அது. பிரையன் நட்சன் என்ற நரம்பியல் விஞ்ஞானியின் குழு 2007இல் ஸ்கேன் எடுத்து இதைக் காட்டியது. பர்ஸைத் திறந்து நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது காசு போவது கண்ணுக்குத் தெரியும். கார்டு எண்ணைச் சேமித்துவைத்துவிட்டால் ஒரு தட்டுதான். சுருக்கென்று உறைக்க நேரமே இல்லை. அப்புறம் ‘இன்னும் 2 மணி நேரம் மட்டும்’ என்று ஓடும் கடிகாரம் வேறு.

மனச்சோர்வு, தனிமை, சலிப்பு. பெரும்பாலும் இவற்றிலிருந்து தப்பிக்கத்தான் ஷாப்பிங் ஆப் திறக்கப்படுகிறது. வாங்கியதும் கொஞ்சம் லேசாகிறது, பிறகு குற்ற உணர்ச்சி குத்துகிறது, அதை மறக்க மறுபடி ஆப்.

எமில் கிரெப்லின் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர், வாங்கிக் குவிக்கும் இந்த நோய்க்கு ‘ஓனியோமேனியா’ என்று பெயர் வைத்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் சூதாட்டமும் வீடியோ கேமும் அடிமைத்தனம் என்ற தலைப்பில் இருக்க, இது உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளில் ஓர் உதாரணமாக மட்டுமே வருகிறது. இதுவும் அடிமைத்தனம்தான் என்பது என் கருத்து. பல ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, பெரியவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்கிறது.

எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை நன்றாகக் கைகொடுக்கிறது. சேமித்த கார்டு எண்ணை அழிப்பதும் நோட்டிஃபிகேஷனை நிறுத்துவதும் பிரேக்குக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். சிகிச்சையில் ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. ஆப்பைத் திறக்கக் கை போகும்போதெல்லாம் அதில் எழுத வேண்டும். “இரவு 11.40. தூக்கம் வரவில்லை. காலையில் போட்ட சண்டை மனசைவிட்டுப் போகவில்லை. செருப்பு பார்க்கப் போனேன்.” நாலைந்து பக்கம் நிரம்பியதும் எழுதியவருக்கே தெரியவரும், எந்தப் பக்கத்திலும் செருப்பு தேவைப்படவில்லை என்று.