சமோசா கொடுத்துக் கேட்டால் எல்லாரும் விஞ்ஞானிதான்

போன வாரமும் ஒரு அறிக்கை என் மேசைக்கு வந்தது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒருநாள் அறிவியல் முகாம். முடிந்ததும் பிள்ளைகள் தங்களை விஞ்ஞானியாகவே உணர ஆரம்பித்துவிட்டார்களாம். எப்படித் தெரிந்தது? 'நீ விஞ்ஞானி ஆக விரும்புகிறாயா?' என்று ஒரே ஒரு கேள்வி. கேட்டவர் முகாமை நடத்தியவர், பக்கத்தில் வகுப்பாசிரியை, பிள்ளைகள் கையில் சமோசா. தாள்களைப் புரட்டினால் பெஞ்ச் பெஞ்சாக ஒரே கட்டத்தில் டிக். பந்தியில் பெண்ணின் அப்பாவே வந்து நின்று "சாப்பாடு எப்படி?" என்றால், யார் உப்பு குறைவு என்பார்கள்?

பிள்ளை தன்னை அறிவியல் ஆளாக நினைக்கிறதா என்று ஒழுங்கான கேள்வித்தாள் வைத்து அளக்கச் சொன்னால் வரும் பதில் இதைவிட எரிச்சலூட்டுவது: "சயின்ஸில் சென்டம் எடுத்த பிள்ளைக்கு இந்தக் கேள்வித்தாள் எதற்கு மேடம்?" மார்க் வேறு. பாடம் பிடிப்பது வேறு. 'நான் அறிவியல் செய்கிற ஆள்' என்று தன்னை நினைப்பது முற்றிலும் வேறு. காசிமேட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலில் சென்டம் எடுத்த பெண் என்னிடம் சொன்னாள்: "சயின்டிஸ்ட்லாம் நம்ம ஏரியால ஏது மிஸ், நான் காமர்ஸ் போறேன்." எண்ணூரில் ஜஸ்ட் பாஸ் பையன் ஒருவன். 2023 டிசம்பரில் அங்கே அம்மோனியா கசிந்த ராத்திரி, அது தண்ணீரில் கரையும் என்று சொல்லி வீட்டில் எல்லாரையும் ஈரத்துணியால் மூக்கைப் பொத்த வைத்தவன். இப்போது எந்த நாற்றம் வந்தாலும் தெருவே அவனைத்தான் கேட்கிறது. மார்க்கை வைத்து அளந்தால் இந்த இருவரையும் தலைகீழாகத்தான் எழுதுவீர்கள்.

அமெரிக்காவில் கார்லோன், ஜான்சன் என்ற கல்வி ஆய்வாளர்கள் 2007-இல் 'அறிவியல் ஆள்' என்ற இந்த அடையாளத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: விஷயம் தெரிவது, அதைச் செய்து காட்டுவது, 'இவள் அறிவியல் ஆள்' என்று மற்றவர்கள் ஏற்பது. நம் கேள்வித்தாள்களில் மூன்றாவது பெரும்பாலும் இருப்பதே இல்லை. (விஞ்ஞானியைப் படமாக வரையச் சொல்லி அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் வரைந்த படங்களில் பெண் விஞ்ஞானி வெறும் 28. விஞ்ஞானி எப்படி இருப்பார் என்று குழந்தை நினைக்கிறது என்பதைத்தான் அது காட்டும். தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அல்ல.)

சரி, என்ன செய்யலாம்? ஒரு கேள்வியோடு நிறுத்தாதீர்கள். 'அறிவியல் சந்தேகம் வந்தால் வீட்டில் என்னைக் கேட்பார்கள்', 'என் ஆசிரியர் என்னை அறிவியலில் கெட்டிக்காரி என்று நினைக்கிறார்' போன்ற வரிகளைச் சேருங்கள். ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம் போதாது, ஐந்து நிலை வையுங்கள். முகாமுக்கு முன்னாலும் கேளுங்கள், பின்னாலும் கேளுங்கள், அப்புறம் சில மாதம் கழித்து ஒருமுறை கேளுங்கள். அன்றைய உற்சாகம் அடங்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம், ரகசியக் குறியீடு போதும். டீச்சர், தயவுசெய்து அந்தப் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். சமோசா, தாளை வாங்கிய பிறகு.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கேள்வித்தாளில் வருவது குழுவாகப் பார்க்க வேண்டிய எண், தனித்தனிப் பிள்ளைக்கானது அல்ல. இதை வைத்துக்கொண்டு யாருக்குப் பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப் என்று முடிவு செய்யாதீர்கள். அந்தக் காசிமேட்டுப் பெண்ணுக்கு இதில் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். அவளைத்தான் முதலில் லேபுக்குள் கூப்பிட வேண்டும்.