ஏசி வாளியில் நிற்கும் ஈரம்

வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி: "சென்னைப் புழுக்கத்தில் துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது, நான் வளர்க்கும் பால் பைதான் பாம்புக்கு மட்டும் சட்டை ஏன் துண்டு துண்டாக உரிகிறது?" திருப்பி இரண்டு கேள்வி கேட்டேன். ஏசி ஓடுகிறதா? பாம்புப் பெட்டிக்குள் சூட்டுக்கு விளக்கு உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றார். சரி, அங்கேதான் இருக்கிறது விஷயம்.

ஏசி பைப்பின் கீழே வாளி வைத்துப் பாருங்கள், சொட்டுச் சொட்டாக நிறையும். அது வேறெங்கிருந்தும் வரவில்லை, அறையின் காற்றில் ஆவியாக இருந்த தண்ணீர்தான். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். ஏசி அறையில் 24 டிகிரி, 50 சதவீதம் என்றால் 11 கிராம்தான். மீதி வாளிக்குப் போய்விட்டது. அப்புறம் அதே காற்று பெட்டிக்குள் போய் விளக்குச் சூட்டில் மறுபடி 32 டிகிரி ஆகிறது. அந்தச் சூட்டில் காற்று 34 கிராம் வரை தாங்கும், கையில் இருப்பதோ அதே 11. ஈரப்பதம் ஏறக்குறைய 32 சதவீதம்! ஒரு சொட்டு ஈரம்கூடக் குறையாமலே காற்று காய்ந்துவிட்டது. ஈரப்பதம் என்பது தண்ணீரின் அளவு அல்ல, அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு தாங்குமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான். எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

பால் பைதான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் சுருண்டு கிடக்கும், அங்கே ஈரம் நிற்கும். சட்டை உரிக்கும் முன் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறும், கண் நீலம் பூத்து மங்கும், பிறகு தெளியும். சில நாளில் மூக்கைச் சொரசொரப்பில் தேய்த்து, காலுறையைத் திருப்பிக் கழற்றுவதுபோல் ஒரே சட்டையாகக் கழற்றிவிடும். காய்ந்த காற்றில் அது ஒட்டிக்கொள்ளும், கண்ணை மூடியிருக்கும் பழைய தோலும் தங்கிவிடலாம். அதைப் பிடுங்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

அதற்காகப் பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும், மூச்சுத் தொற்றும் வரும். காற்றோட்டம் இருக்கட்டும். உள்ளே ஒரு மூலையில் மட்டும், ஈரப்பாசியைப் பிழிந்து போட்டு, பாம்பு நுழையும் அளவு ஓட்டை வைத்த டப்பா ஒன்று போதும். வேண்டும்போது அதுவே போய்ப் படுக்கும். ஈரமானியை மூடியில் ஒட்டாமல் பாம்பு கிடக்கும் உயரத்தில் வையுங்கள். விளக்குக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பாம்பு தொடாதபடி கம்பி வலையும் கட்டாயம். மூடிக்குப் பூட்டு போடுங்கள், தலை நுழைகிற இடைவெளி கிடைத்தால் உடம்பும் பின்னாலேயே போய்விடும்.

பெயரில் பால் இருக்கிறதென்று கிண்ணத்தில் பால் வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். பந்துபோல் சுருள்வதால் ஆங்கிலத்தில் வந்த பெயர் அது! புற்றில் பால் ஊற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை, பால் பாம்புக்கு உணவே அல்ல.

நம்மூர்ச் சாரையையோ நாகத்தையோ வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைதானையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். வேளச்சேரிக்காரரே, நீங்கள் செய்துவிட்டீர்களா?