பணியா, காரியமா?

'பணிசார் கற்பித்தல் பற்றி உங்கள் கருத்து என்ன?' காரைக்குடிப் பக்கத்து ஆங்கில ஆசிரியர்களிடம் ஓர் ஆய்வு மாணவி கொடுத்த கேள்வித்தாளில் இப்படி இருந்தது. எழுதி வந்த தாள்களை நானும் பார்த்தேன். ஒருவர், பணியிடைப் பயிற்சிக்கு விடுமுறை நாளில் கூப்பிடுகிறார்கள் என்று குறைப்பட்டிருந்தார். இன்னொருவர் பணிச்சுமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். மாணவி கேட்டதோ, ஒரு வேலையை முடிக்க வைத்து அதன் வழியே மொழியைக் கற்பிக்கும் 'டாஸ்க்' (task) முறையைப் பற்றி. ஆசிரியர்கள் மேல் தப்பில்லை. 'டாஸ்க்' என்பதைப் 'பணி' என்று பெயர்த்தவர்கள் மேல்தான் தப்பு. நான் பார்த்த மொழிபெயர்ப்புகளில் இந்தப் 'பணி'தான்.

டாஸ்க், வரி விதிப்பதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. டாக்ஸுக்கும் அதே வேர். மேலே சுமத்தியது என்பதிலிருந்து, முடித்துக் கொடுக்க வேண்டியது என்று பொருள் நகர்ந்தது. சரி, அது அகராதிப் பொருள்.

மொழி வகுப்பில் அதற்குத் தனிப்பொருள் உண்டு. ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திப் பார்த்த முறை இது. ரயில் கால அட்டவணையைக் கையில் கொடுத்து, காரைக்குடியில் ஏறி எழும்பூர்க் கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்குள் போய்ச்சேர எந்த வண்டி என்று ஆங்கிலத்தில் கேட்பதாக வையுங்கள். இறந்தகாலம் எது, எதிர்காலம் எது என்ற பேச்சே அங்கே இல்லை. வண்டியைக் கண்டுபிடித்தார்களா என்பதுதான் கேள்வி. அந்த முயற்சியிலேயே மொழி ஒட்டிக்கொள்ளும் என்பது இந்த முறையின் நம்பிக்கை.

இதில் பணி எங்கே வருகிறது? பணிதல், பணிவிடை, இறைபணி. அப்புறம் பணிமூப்பு, பணிமாறுதல். ஒன்று தொண்டு, இல்லையென்றால் உத்தியோகம். இரண்டும் நடந்துகொண்டே இருப்பவை. இன்னது கைக்கு வந்தால் முடிந்தது என்ற எல்லை அவற்றுக்கு இல்லை. 'செயல்' என்றால், அட்டைகளும் ஏணிப்படியுமாகத் தொடக்கப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலோடு குழம்பும். 'வினை' என்றால் இலக்கணப் பாடமாகிவிடும்.

காரியம் என்று சொல்லலாமே. 'போன காரியம் என்னாச்சு?' என்று ஆச்சி கேட்டால் முடிவைத்தான் கேட்கிறார். செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், கடையில் வேலை பழகிய பெட்டியடிப் பையன்கள் கணக்கு கற்றதும் இப்படித்தான்: வட்டி போடு, ஐந்தொகை (வரவுசெலவு, இருப்புக் கணக்கு) எடு. காரியம் முடியும்போது கணக்கும் வந்திருக்கும்.

வடசொல்லாயிற்றே என்பார்கள். இருக்கட்டும், தூய்மைக்காகப் பொருளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இறந்தவருக்குச் செய்வதும் காரியம்தானே என்றும் கேட்பார்கள். வகுப்பறையில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த மாணவி 'காரியவழிக் கற்பித்தல்' என்று மாற்றி, ரயில் உதாரணத்தையும் சேர்த்து, மறுபடி தாள் கொடுத்தார். இந்தத் தடவை கேட்டதற்குப் பதில் வந்தது. பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடுகிறது, ஆனால் வகுப்பு பெரிது, சத்தம் தாங்கவில்லை, பரீட்சையில் இதற்கு மதிப்பெண் இல்லை. விறுவிறுப்பு ஏறியதும் எல்லோரும் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள் என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்தார்.