ஒன்பதாவது கேள்வியை அன்றே படியுங்கள்

அரசுப் பள்ளியில் மனநல ஸ்கிரீனிங், அதாவது யாருக்கு உதவி தேவைப்படலாம் என்று படிவம் கொடுத்துப் பார்ப்பது, நடத்தக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தப் படிவம் நல்லது என்று. அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1,000 மாணவர்களில் 100 பேருக்கு உண்மையிலேயே சிக்கல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிக்கல் உள்ளவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடித்து, இல்லாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் படிவம் என்றால், உண்மையான 80 பேரோடு சிக்கலே இல்லாத 180 பேரும் வந்து நிற்பார்கள். ஆக 260 பேர். ஆளுக்கு அரை மணி நேரம் பேசுவது என்றால் 130 மணி நேரம். ஒரே ஆலோசகர், நாளுக்கு ஐந்து மணி நேரம் பார்த்தாலும் 26 வேலை நாள் ஆகும். அதனால் முழுப் பள்ளிக்கும் ஒரே நாளில் படிவத்தை நீட்டாதீர்கள். 40 பேர் உள்ள ஒரு வகுப்பில் பத்துப் பேர் வருவார்கள்; அவர்களை மறுநாளே பார்த்துவிடலாம்.

பிள்ளைகளின் பலத்தையும் சிரமத்தையும் கேட்கும் எஸ்.டி.க்யூ படிவத்தில் 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. கூட்டும்போதுதான் தவறு நடக்கிறது. 7, 11, 14, 21, 25 ஆகியவை நல்ல குணத்தைச் சொல்பவை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். நல்ல நண்பர் ஒருவராவது உண்டு என்பதற்கு 'முற்றிலும் உண்மை' என்று குறித்தால் 0. அவசரத்தில் 2 போட்டால், நண்பன் இருக்கிற பிள்ளைதான் பட்டியலில் ஏறும். பிறருக்கு உதவுவது பற்றிய ஐந்து வாக்கியங்களை மொத்தத்தில் சேர்க்கவே கூடாது, மொத்தம் 40-க்குத்தான்.

மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவமான பி.ஹெச்.க்யூ-9 கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிறது. 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் என்றால் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது வழக்கமான எல்லை. பதிவேட்டில் 'மனச்சோர்வு' என்று எழுதிவிடாதீர்கள், 'மறுபடி பேச வேண்டும்' என்பது போதும். இனி ஒரு தாளைப் பாருங்கள். மொத்தம் 6. சாதாரணம் என்று தாள் கட்டுக்குள் போய்விடும். ஆனால் இறந்துபோனால் தேவலை என்ற எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது வரியில் 'பல நாட்கள்' என்று டிக். எனவே கூட்டலைத் தொடங்குமுன் எல்லாத் தாளிலும் அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போவதற்குள். வாரக் கடைசி மதியத்தில் ஸ்கிரீனிங் வைக்காததும் இதற்காகத்தான்.

அந்த வரியில் டிக் செய்த பிள்ளையைத் தனியே உட்காரவைத்து நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. வழியும் யோசித்திருந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், பெற்றோருக்குச் சொல்லி, அன்றே மருத்துவரிடம். வீட்டில்தான் ஆபத்து என்றால் முதலில் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர். ஆகவே, 'யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்று தொடக்கத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். 'உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்வோம்' என்பதே சரியான வாக்கு.

ஆசிரியர் காட்டும் பிள்ளைகளை மட்டும் பார்ப்பதும் ஆகாது; கலாட்டா செய்பவன் கண்ணில் படுவான், மூலையில் பேசாமல் இருப்பவள் படமாட்டாள். பெஞ்சில் பக்கத்துப் பிள்ளை எட்டிப்பார்க்க முடிந்தால் எல்லாரும் 'இல்லை' என்ற ஒரே கட்டத்தைத்தான் குறிப்பார்கள். பேசக் கூப்பிடும்போதும் வகுப்பில் பெயர் வாசிக்க வேண்டாம். படிவத்தில் மதிப்பெண் குறைவான இரண்டு மூன்று பேரையும் சேர்த்துக் கூப்பிட்டால், போனவர் யார், எதற்கு என்று யாரும் எண்ணமாட்டார்கள்.