விமானப் பயத்துக்கு மாத்திரை கேட்பவர்களுக்கு

"ஏறுவதற்கு முன்னால் போட்டுக்கொள்ள ஏதாவது ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்கள், டாக்டர்." விமானப் பயத்தோடு மனநல மருத்துவரான என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போக வேண்டிய அம்மாக்கள், வேலைக்காக அடிக்கடி டெல்லி போய்வர வேண்டியவர்கள் எனப் பலர். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு, அதுவரை நிம்மதியாகப் பறந்தவர்களும் வரத் தொடங்கினார்கள். அந்த விபத்தின் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யும் உறவினர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

ஆனாலும் மாத்திரையை நான் எளிதில் எழுதுவதில்லை. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், விமானப் பயம் உள்ள பெண்களில் ஒரு பிரிவினருக்கு அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையும் மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்துப் பறக்க வைத்தார்கள். அந்தப் பயணத்தில் மருந்து எடுத்தவர்களுக்குப் பதற்றம் குறைவாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து எந்த மாத்திரையும் இல்லாமல் பறந்தபோதோ, அவர்களுக்கே பீதி அதிகம் வந்தது. பயந்தது நடக்கவில்லை என்பதை மூளை தெளிவாக இருக்கும்போதுதான் கற்றுக்கொள்ளும். மருந்து அதற்கு இடம் தருவதில்லை. மதுவும் அப்படியே. டிக்கெட்டை ரத்து செய்தவுடன் கிடைக்கும் நிம்மதி இன்னும் மோசம். தப்பித்ததே அதனால்தான் என்று மனம் நம்பிவிடுகிறது.

பலரை உலுக்குவது ஒரே ஒரு கணம். விமானம் மேலெழுந்த சிறிது நேரத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று தணியும், உடல் கீழே சரிவதுபோல் இருக்கும். எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கைப்பிடியை இறுகப் பற்றுவார்கள். உண்மையில், ஓடுபாதையிலிருந்து எழும்பத் தேவைப்பட்ட விசை இனி வேண்டியதில்லை என்பதால் அது குறைக்கப்படுகிறது. விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. காலடியில் கேட்கும் 'தடால்' ஓசை சக்கரங்கள் உள்ளே மடங்குவது. எஞ்சின்கள் நின்றாலும் விமானம் கல்லைப்போல் விழாது. 2001 ஆகஸ்டில் டொரண்டோவிலிருந்து லிஸ்பன் சென்ற ஏர்பஸ் ஏ330 ஒன்று, எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றபின் அட்லாண்டிக்குக்கு மேலே ஏறக்குறைய 19 நிமிடம் மிதந்து வந்து அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. அதிலிருந்த 306 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

தகவல் தெரிந்தாலும் உடல் உடனே கேட்காது. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல்கள் மரத்துப்போகும், தலை சுற்றும். மாரடைப்போ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். இதய நோய் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பயணத்துக்கு முன்பே பரிசோதித்துவிடுங்கள். இல்லையென்றால், மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடுங்கள். பயத்தை விரட்டப் போராட வேண்டாம், வரட்டும். பீதி பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கும். பணிப்பெண்ணின் முகத்தில் கலவரம் தெரிகிறதா என்று நொடிக்கொரு தரம் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஏறும்போதே அவரிடம் உங்கள் பயத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் சென்னை–பெங்களூரு போன்ற குறுகிய பயணம் போதும். நீண்ட இடைவெளி விடாமல் மறுபடியும் பறக்க வேண்டும். பூட்டிய இடத்தில் மாட்டிக்கொள்வோமோ என்பதுதான் உங்கள் பயம் என்றால், மின்தூக்கியிலிருந்தே பயிற்சியைத் தொடங்குவோம். ஏற்கெனவே தினமும் பதற்ற மாத்திரை எடுப்பவர்கள், இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்த வேண்டாம். உங்கள் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.