மயக்க மருந்தும் பிரஷர் குளிசையும் ஒரே உடம்பில் சந்தித்தால்

இதய வால்வு பழுதான வயசு நாய்களுக்கு மிருக வைத்தியர்கள் எனாலப்ரில் எழுதுவது வழக்கம். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், நாளுக்கு ஒருதரமோ இருதரமோ. மனிதர் போடும் அதே பிரஷர் குளிசைதான். அந்த நாய்க்குப் பல் பிடுங்கவோ கட்டி அகற்றவோ மயக்கம் கொடுக்க வேண்டி வரும்போது சிக்கல் தொடங்குகிறது.

பிரஷர் விழாமல் காக்க உடம்பிடம் மூன்று வழி உண்டு: குழாய்களை இறுக்கி இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகள், சிறுநீரகத்தில் தொடங்கும் ரெனின் ஓமோன் வழி, கபச்சுரப்பி விடும் வாசோபிரசின். மயக்கத்துக்குக் கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் வாயு இந்த நரம்புகளை மந்தமாக்கி, இரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடும். பிரஷர் இறங்குவதை உணரும் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. ஈரலிலிருந்து வரும் புரதத்தை ரெனின் வெட்ட, 10 அமினோ அமிலங்கள் கொண்ட அஞ்சியோடென்சின் 1 கிடைக்கும். நுரையீரல் குழாய்களில் உள்ள ஏசிஇ நொதியம் அதில் இரண்டை நறுக்கி அஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. குழாய்களை இறுக்குவதும், அல்டொஸ்டெரோன் என்ற ஓமோனைச் சுரக்கவைத்து உப்பைத் தேக்குவதும் இதுதான். நரம்புகள் ஓய்ந்த நேரத்தில் நாய் பெரும்பாலும் இதை நம்பித்தான் கிடக்கிறது.

எனாலப்ரில் மறிப்பது அந்த ஏசிஇ நொதியத்தை. அஞ்சியோடென்சின் 2 வழமையாக ரெனினுக்குக் கடிவாளம் போடும். அது குறைந்ததும் ரெனின் பல மடங்கு ஏறும். ஆகவே இரத்தத்தில் ரெனின் கூடியிருப்பதைக் கண்டு உடம்பு சமாளிக்கிறது என்று நினைப்பது பிழை. லொசார்டான் என்ற இன்னொரு பிரஷர் குளிசை போட்ட உடம்பில் அஞ்சியோடென்சின் 2 உம் ஏறும், ஆனால் அது வேலைசெய்யப் போய் ஒட்டவேண்டிய இடமான ஏற்பி அடைபட்டிருக்கும். புரொப்ரனலோல் என்ற பிரஷர் குளிசை நேர்மாறு: ரெனின் சுரப்பையே குறைக்கும், இதயத் துடிப்பையும் ஏறவிடாது.

ரெனினை 1898இல் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டார்கள். ஏசிஇயை மறிக்கும் முதற் குளிசையான கப்டோபிரிலுக்கு வழிகாட்டியது பிரேசில் விரியன் பாம்பொன்றின் நஞ்சு.

மட்டக்களப்பில் சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், மயக்கத்தில் பிரஷர் சரியும் இந்த ஆபத்து இன்னும் கூடும். இரவு முழுக்கத் தண்ணீரும் வைக்காமல் கொண்டுவந்த நாய்க்கு நீர்ச்சத்து வற்றியிருக்கும். ரெனின் வழி ஏற்கெனவே முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குமேல் காலையில் குளிசையும் போட்டால் மயக்கத்தில் பிரஷர் சரிந்து, எளிதில் எழும்பாது. சராசரி அழுத்தம் 60 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் சிறுநீரகத்துக்கு இரத்தம் போதாது. முதலில் வாயுவைக் குறைக்க வேண்டும். பிறகு சேலைன், ஆனால் அளவோடு: பழுதான இதயத்துக்கு அள்ளி ஊற்றினால் நுரையீரலில் நீர் கோர்க்கும். பிரஷரை ஏற்றும் எஃபெட்ரின் போன்ற ஊசிகளுக்கும் மசியாவிட்டால் வாசோபிரசின் கைகொடுக்கலாம். அது வேலைசெய்யும் ஏற்பி வேறு.

அதனால் நாய் போடும் எல்லாக் குளிசையையும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். எனாலப்ரிலைப் பலர் 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். புரொப்ரனலோலை அப்படித் திடீரென நிறுத்தக்கூடாது. சாப்பாட்டைத்தான் நிறுத்த வேண்டும்; தண்ணீர் எதுவரை வைக்கலாம் என்று கேட்டு, அதுவரை வையுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மெலொக்சிகாம் போன்ற நோமருந்தும் எனாலப்ரிலும் வற்றிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் இருபக்கமும் அடிவாங்கும். நாய் தானாகத் தண்ணீர் குடித்து, ஒழுங்காகச் சிறுநீர் கழித்த பிறகே, வைத்தியர் சொல்லும் நாளில் குளிசையைத் திரும்பத் தொடங்குங்கள்.